தண்ணீர் கலந்தவர் பெயர்

உணவுப் பாதுகாப்பு அதிகாரி மூன்றாவது முறையாகப் பால்மானியைச் செம்புக்குள் விட்டார். இந்த முறையும் அது குறியைத் தாண்டி அமிழ்ந்தது.

"தண்ணி கலந்திருக்கும்மா."

முத்துப்பேச்சிக்கு ஆத்திரம் பொங்கியது. "மூணு தடவையும் ஒங்க கண்ணு முன்னாலதான சார் கறந்தேன்? செம்பக்கூட நீங்கதான தொடச்சுக் குடுத்திய?"

"மானி பொய் சொல்லாது."

"அப்ப எம் மாடு பொய் சொல்லுதாக்கும்?"

அவர் படிவத்தை எடுத்து நிரப்பினார். தேதி, ஊர், பாலின் அளவு எல்லாம் எழுதியாயிற்று. 'தண்ணீர் கலந்தவர் பெயர்' என்ற இடத்தில் பேனா நின்றது.

"ஒன் பேரு?"

"நான் கலக்கலன்னு எத்தன மட்டம் சொல்லுதேன்! கலந்தவ அந்தா நிக்கா, அவ பேர எழுதுங்க."

தொட்டியில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த மாடு, வாயில் நீர் சொட்டத் தலையைத் தூக்கியது. அதிகாரி அதையே வெகுநேரம் பார்த்தார்.

"அதுக்குப் பேரு வச்சிருக்கியாம்மா?"