எழுத்துச் சண்டை

சௌந்தர் எழுதிக்கொடுத்த பில்லிங் சாப்ட்வேர், அருப்புக்கோட்டைச் சேலைக்கடை ஒன்றில் பெரிய வம்பை இழுத்துவிட்டது.

காலையில் கல்லாவில் இருக்கும் வெங்கடலட்சுமி, திரையில் எழுத்தைப் பெரிதாக்குவார். மாலையில் உட்காரும் சென்னய்யா அதைச் சிறிதாக்குவார். ஆளுக்கொரு லாகின் இருந்தும், ஒருவர் மாற்றியது மற்றவருக்கும் மாறித் தொலைத்தது.

"யாரைக் கேட்டு என் எழுத்துல கை வச்சீக?" என்று கல்லா மாறும் நேரத்தில் அந்தம்மா கத்துவார்.

"கொட்ட எழுத்துல போட இது என்ன சினிமா போஸ்டரா?" என்று அவர் எகிறுவார். சேலை எடுக்க வந்தவர்களுக்கு நல்ல வேடிக்கை.

காரியாபட்டியிலிருந்து பஸ் பிடித்து வந்த சௌந்தர், கம்ப்யூட்டர் தன் அமைப்புகளைக் குறித்து வைக்கும் ரெஜிஸ்ட்ரியைத் திறந்ததும் நாக்கைக் கடித்துக்கொண்டான். அவரவர் கணக்கில் தனித்தனியாகப் பதிய வேண்டிய எழுத்தளவு போன்ற விருப்பங்களை, சாப்ட்வேரை ஏற்றும் அவனுடைய இன்ஸ்டாலர் எல்லாருக்கும் பொதுவான இடத்தில் பதிந்து வைத்திருந்தது. உடனே பிரித்துவிட்டான்.

"அண்ணாச்சி, இனிமே அவுக எழுத்து அவுகளுக்கு, உங்க எழுத்து உங்களுக்கு."

அன்றோடு சண்டை நின்றது.

அடுத்த வாரம் சென்னய்யா போன் செய்தார். "தம்பி, பழையபடியே மாத்தி விட்டுருப்பா."

"ஏன் அண்ணாச்சி, சரியா வரலையா?"

"சரியாத்தான் வருது. அதான் இம்ச." அவர் குரலைத் தணித்தார். "மகளைக் கட்டிக்குடுத்ததுலருந்து என்கூட ஒரு வார்த்த பேசாம இருந்தா என் பொண்டாட்டி. அந்த எழுத்தாலதான் வாயத் தொறந்தா. நீ வந்து மூடிட்டுப் போயிட்ட."

தெரிந்தே ஒரு தப்பைச் செய்வதற்காக, சௌந்தர் மறுபடி பஸ் ஏறினான்.