யோகராசா வீட்டுக் கூரை

"ஒரேயொரு கையெழுத்து அண்ணை. நாலு மணிக்கு முதல் வங்கியில குடுக்கவேணும்."

பெனடிக்ற் நின்றபடியே படிவத்தை நீட்டினான். கதிரையைக் காட்டியும் அவன் இருக்கவில்லை. மேசன் வேலையிலிருந்து அப்படியே ஓடி வந்தவன். காலில் சீமெந்து காய்ந்து கிடந்தது.

யோகராசா பள்ளிக்கூடக் காவலாளி. இரவு வேலை முடிந்து படுத்திருந்தவர் எழும்பிக் கண்ணாடியைத் தேடினார்.

"என்னத்துக்கு?"

"வீட்டுக்கடன் அண்ணை. உப்புக்குளத்தில நாங்கள் வாடகைக்கு இருக்கிற வீட்டை மடு மாதா கோயில் திருவிழாவுக்கு முதல் விடச் சொல்லிப்போட்டினம். காணி கிடக்கு. கடன் கிடைச்சால் ஒரு அறையையெண்டாலும் எழுப்பிப்போடுவன். அரசாங்க வேலை பாக்கிற ஒராள் பிணை நிக்கவேணுமாம். எனக்குத் தெரிஞ்ச ஒரே அரசாங்கம் நீங்கள்தான்."

குசினிக்குள் சட்டியொன்றை ஓங்கி வைத்த சத்தம் கேட்டது. யோகராசாவின் மனைவி மங்கையற்கரசி.

"வீட்டில பேனை இல்லை."

"நான் கொண்டந்தனான் அக்கா."

"அதுவும் எழுதாது."

பெனடிக்ற் சிரித்தான். "அக்காவுக்கு இண்டைக்கு என்னில கோபம். பயப்படாதேங்கோ அண்ணை, இப்ப என்ர பேர் சுத்தம். வங்கியில 'கிறிப்' எண்டு ஒரு அறிக்கை எடுப்பினம். நாங்கள் பட்ட கடன், பிந்தின மாசம் எல்லாம் அதில நிக்கும். போன வருசம் அதைப் பாத்துத்தான் என்னைத் திருப்பி அனுப்பினவை. மோட்டார்சைக்கிள் லீசிங் ஏழு மாசம் நிலுவை. மனுசி பிரான்சிஸ்காவின்ர சங்கிலியை வித்து அதைக் கட்டினன். பிறகு ஒரு மாசமும் பிந்தேல்லை. முதலாம் திகதி விடியப் போய் லீசிங் கொம்பனி வாசலில நிப்பன். அங்கத்தைக் காவலாளியே 'வந்திட்டீரோ' எண்டு கேக்கிற அளவுக்கு! இப்ப அந்த அறிக்கையில என்ர புள்ளி கடனுக்குப் போதுமாம்."

"வேற கடன்?"

"ஒண்டுமில்லை. அரிப்பு ஊரில மீன்பிடித் தொழில் செய்யேக்க எடுத்த படகு எஞ்சின் கடன்தான் எலெக்சனோட தள்ளுபடியாப் போச்சே. மேடையில சொன்னவை. பிறகு ஒரு கடிதமும் வரேல்லை. மாதா புண்ணியம்."

யோகராசா பேனையை வாங்கிக் கையெழுத்து வைத்தார்.

படலையைத் திறந்தபடி பெனடிக்ற் திரும்பிப் பார்த்தான். நாலு பக்கமும் சுவர். மேலே நீலத் தரப்பாள், காற்றுக்குப் படபடத்தது.

"மாசச் சம்பளக்காரர், இன்னும் ஒரு கூரை போடேல்லையே! கடன் எடுத்துத்தானே கட்டத் தொடங்கினனீங்கள்?"

"ஓம், இடையில இழுபட்டுப் போச்சு."

"கூரை ஓடு வாங்கி வையுங்கோ. கூலியில்லாமல் நான் போட்டுத் தாறன்."

"பாப்பம்," என்றார் யோகராசா.

பத்து நாள் பெனடிக்ற்றுக்கு நித்திரையில்லை. கல் சுமக்கும்போதும் கைபேசியைத் தடவிப் பார்த்துக்கொண்டான். பதினோராம் நாள் வங்கியில் கூப்பிட்டார்கள். அங்கேயும் நின்றுகொண்டே கேட்டான்.

"உங்கட பக்கம் சரி," என்றாள் கடன் பிரிவில் இருந்த சுபத்திரா. "பிணைகாரரைத்தான் ஏற்கேலாது. அவரின்ர கடன் வரலாறு சரியில்லை. அதுக்கு மேல நான் சொல்லக்கூடாது."

பெனடிக்ற்றுக்கு முகம் சிவந்தது. "தன்ர கடனையே கட்டாத மனுசன் எனக்குப் பிணையோ? அதுதான் மனுசி பேனை இல்லையெண்டவ! திருவிழாவுக்கு இன்னும் மூண்டு கிழமைதான் கிடக்கு மிஸ். நான் சங்கிலியை வித்து, ஒரு வருசமாப் பேரைக் கழுவி எடுத்தனான். அந்தாள் ஒரு கையெழுத்தில நாசமாக்கிப்போட்டுது. அரசாங்கச் சம்பளம் முழுக்க எங்க போகுது? குடியோ?"

சுபத்திரா கணினியில் அவனுடைய பேரைத் தட்டிப் பார்த்தாள். பிறகு அலுமாரியைத் திறந்து தூசி பிடித்த கோவை ஒன்றை எடுத்து வந்தாள்.

"அவரின்ர அறிக்கையை உங்களுக்குக் காட்டேலாது. ஆனா இது உங்கட கோவை. எஞ்சின் கடன், எங்கட கிளையில எடுத்தது."

"அது தள்ளுபடியானது மிஸ்."

"ஒரு சதமும் தள்ளுபடியாகேல்லை ஐயா. முப்பத்தாறு மாசம், பிணைகாரரின்ர சம்பளத்தில கழிச்சுக் கடனை முடிச்சிருக்கு. அதாலதான் உங்கட அறிக்கையில அது நிலுவையா நிக்கேல்லை," என்று சொல்லி, கடைசித் தாளை அவன் பக்கம் திருப்பி வைத்தாள். அடியில் இருந்தது, பத்து நாளைக்கு முன்னம் அவன் வாங்கிக்கொண்டு வந்த அதே கையெழுத்து.