ரெனாத்தா கேட்ட பரிசு

"என்ன கொம்பாத்ரே, பாதியிலேயே உட்கார்ந்துட்டே? பயமா?" என்று கேட்டான் ஃபிதென்சியோ.

"பயம் என்ன பயம். மூச்சு வாங்குது," என்று நிகானோர் படிக்கட்டில் காலை நீட்டினான்.

மெக்சிகோவின் பச்சூகா நகரத்து மேட்டுத் தெருக்களில் வீட்டுக்கு வீடு படிதான். காற்று வேறு தொப்பியைப் பிடுங்கியது. குடியை விட்டவர்கள் சங்கம் அவர்கள் தெருவிலேயே ஒன்று உண்டு. ஆனால் அங்கே நுழைந்தால் மறுநாள் ரொட்டிக்கடை முழுக்க அதே பேச்சாக இருக்கும். அதனால்தான் ஊரின் மறுகோடிக்கு வந்திருந்தார்கள்.

"நீ இந்த முடிவுக்கு வந்ததே பெரிசு. தைரியமா இரு. நான் இருக்கேன்ல," என்று ஃபிதென்சியோ அவன் தோளைத் தட்டினான்.

நிகானோருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. யார் யாருக்குத் தைரியம் சொல்வது? ஆனால் வாயைத் திறக்க முடியாது. 'நான் குடியை விடப்போறேன், துணைக்கு வா' என்று பொய் சொல்லித்தான் இவனைக் கிளப்பியிருந்தான். உனக்காகத்தான் போகிறோம் என்று சொன்னால் ஃபிதென்சியோ வந்த வழியே ஓட்டம் பிடிப்பான்.

எல்லாம் ரெனாத்தாவுக்காக. ஃபிதென்சியோவின் மகள். ஞானஸ்நானத்தின்போது அவளைக் கையில் ஏந்தி நின்ற ஞானத்தந்தை நிகானோர்தான். அந்த உறவில்தான் இருவரும் ஒருவருக்கொருவர் 'கொம்பாத்ரே'. அடுத்த மாதம் அவளுக்குப் பதினைந்து வயது நிறைகிறது. அங்கே பெண்ணுக்கு அது கல்யாணம்போலப் பெரிய விழா, அப்பாவோடு ஆடுவதுதான் அதில் முக்கியம். அதற்குக் கேக் ஒருவர், பாட்டுக்குழு ஒருவர் என்று வேண்டியவர்கள் ஆளுக்கொரு பொறுப்பை ஏற்பார்கள்.

"உனக்கு நான் என்ன செய்யட்டும், கண்ணு?" என்று நிகானோர் கேட்டபோது அவள் அழுதுவிட்டாள்.

"எனக்கு கேக்கெல்லாம் வேண்டாம். அப்பாவை அந்தச் சங்கத்துல சேர்த்துவிடுங்க. நீங்க கூப்பிட்டாத்தான் வருவார். மேட்டுப் பேட்டையில ஒண்ணு இருக்காம், அங்க நம்மளை யாருக்கும் தெரியாது. குடிச்சுட்டு வந்தார்னா நான் அவரோட ஆடமாட்டேன்."

அப்பாவோடு ஆடாத பதினைந்தாம் பிறந்தநாளா? நிகானோர் அங்கேயே சரி என்று தலையாட்டிவிட்டான். அவள் பயந்ததிலும் தப்பில்லை. போன வருடம் ஒரு கல்யாணத்தில் ஃபிதென்சியோ கேக்கின் மேலேயே விழுந்தான். தூக்கப்போன நிகானோரும் விழுந்தான். ஆனால் அது வேறு விஷயம், தரை ஈரமாக இருந்தது.

படி முடிந்த இடத்தில் ஒரு பெண் சோளரொட்டி சுட்டுக்கொண்டிருந்தாள். நிகானோர் அவள் பக்கம் குனிந்தான்.

"இங்க குடியை விட்டவங்க சங்கம் எங்கம்மா இருக்கு? எனக்கில்ல, இவருக்கு," என்று கண்ணாலேயே பின்னால் காட்டினான்.

அவள் அவன் தோளுக்குப் பின்னால் பார்த்து, ஏனோ சிரித்தாள். "அதோ, பஞ்சர் கடைக்கு மேல மாடி. நீல போர்டு. என் வீட்டுக்காரரும் அங்கதான் போறார். குடியை விட்டாச்சு, இப்பப் பாட ஆரம்பிச்சுட்டார். அதைத்தான் தாங்க முடியல."

பஞ்சர் கடை வாசலில் நிகானோர் செருப்பைச் சரிசெய்வதுபோல் திரும்பி, உள்பையிலிருந்த குப்பியில் ஒரு மடக்குக் குடித்தான். குளிருக்காக. நிமிர்ந்தால், ஃபிதென்சியோவும் சுவர்ப் பக்கம் திரும்பி எதையோ பைக்குள் செருகிக்கொண்டிருந்தான். வாசல்வரை வந்தும் விடுகிறானா பார், என்று நிகானோர் தலையில் அடித்துக்கொண்டான்.

ஃபிதென்சியோ இரண்டிரண்டு படியாகத் தாவி ஏறினான். நிகானோர் மூச்சிரைக்க மேலே வந்தபோது, வாசலில் காபிப் பானையோடு நின்ற, சங்கத்தை நடத்தும் ஓதிலியா அம்மாளிடம் அவன் ஏதோ பேசி முடித்து, உள்ளே போய்க்கொண்டிருந்தான்.

நிகானோர் அவள் காதருகே போனான். "அம்மா, ஆள் நானில்ல. இப்ப உள்ள போனாரே, அவர்தான். என்னைச் சேர்த்துக்கிற மாதிரி நடிச்சு, அவரையும் உட்கார வெச்சுடுங்க. விஷயம் தெரிஞ்சா ஓடிடுவார்."

"கொஞ்சம் தள்ளி நின்னு பேசுங்க, எனக்கே ஏறிடும்போல இருக்கு," என்றாள் ஓதிலியா. "அவரும் இதையேதான் சொல்லிட்டுப் போறார்."

"எதை?"

"'ஆள் நானில்ல, பின்னால வர்றவர்தான். பொறந்தநாள் பரிசா என் பொண்ணு கேட்டது இது ஒண்ணுதான்'னு."

நிகானோர் உள்ளே எட்டிப் பார்த்தான். "அவ என்கிட்டதானேம்மா கேட்டா?"

ஓதிலியா ஒரு கோப்பை காபியை அவன் கையில் திணித்து, முதல் வரிசையில் ஒட்டிப் போட்டிருந்த இரண்டு நாற்காலிகளைக் காட்டினாள்.

"வெள்ளிக்கிழமை யூனிஃபார்மோட ஒரு பொண்ணு வந்தா. 'எங்கப்பாவும் ஞானத்தந்தையும் வருவாங்க, நான்தான் அவரைக் கூட்டிட்டு வந்தேன்னு ரெண்டு பேருமே சொல்லுவாங்க, நம்புற மாதிரி நடிங்க. ஆனா ரெண்டு பேரையுமே விட்டுடாதீங்க, ரெண்டு பேரோடயும் நான் ஆடணும்'னு சொல்லிட்டுப் போனா."