பர்மாப் பாடம்

ராயபுரத்தில் எங்கள் தெருவுக்கே கேட்கும்படி கத்திக்கொண்டிருந்தார் மளிகைக்கடை தேவப்பிரியம். மகன் ஆசீர் பி.ஏ.வில் தென்கிழக்காசியப் பண்பாடு என்றொரு துணைப்பாடம் எடுத்துவிட்டு, பர்மாக்காரர்களின் வீட்டு வழக்கங்களைப் பற்றிக் கட்டுரை எழுத மூன்று நாளாக அவரை நச்சரித்துவந்தான்.

"அவன் குளிச்சா என்னல, குளிக்காட்டா என்னல? இதுக்கா உன்னைக் காலேஜுக்கு அனுப்புனேன்?"

"நாளைக்குக் குடுக்கலன்னா ஃபெயிலுதாம்பா. அங்க இருந்தவங்களக் கேட்டு எழுதுன்னு வாத்தியார் சொல்லிக்கீறாரு. பத்து வருசம் ரங்கூன்ல இன்னாதான் பண்ணே?"

"கடையில பொட்டலம் கட்டுனேன். எவன் வீட்டுக்குள்ளயும் போனதில்ல. ஆளை விடு."

பாவம், யுத்தத்தில் கடையைப் பறிகொடுத்துவிட்டு நடந்தே வந்த மனுஷன், அந்த ஊர்ப் பேச்சே கசக்கிறது போலும் என்று நாங்கள் ஜன்னலோரம் நின்று உச்சுக் கொட்டினோம்.

இரைச்சல் பொறுக்காமல் அவர் மனைவி ஞானபாக்கியம் அடுப்படியிலிருந்து ஈரக்கையோடு வந்தாள்.

"அவுகள விடு. நான் சொல்லுதேன், எழுதிக்கோ. பிள்ளை பிறந்த கிழமையைப் பார்த்துத்தான் அங்க பேரு வைப்பாக. கல்யாணமானாலும் பொம்பள பேரோட புருசன் பேரு சேராது. தலைக்கு ஊத்தக்கூட ஆகாத கிழமை உண்டு."

"திருநெல்வேலிய வுட்டா மெட்ராஸ்தான் நீ பாத்தது. உனக்கு எப்பிடிம்மா தெரியும்?"

"ரங்கூன்ல உங்கப்பாவுக்கு இன்னொரு சம்சாரம் இருக்காளே, அவ மாசாமாசம் எனக்குக் கடுதாசி போடுதா."

தேவப்பிரியம் கடைச் சாவியை எடுத்துக்கொண்டு செருப்பைத் தேடினார்.

"தமிழ்லயா?" என்றான் ஆசீர்.

"பின்னே? எழுத்துகூட அச்சு அசலா அப்பா எழுத்து மாதிரியேதான் இருக்கும். சொல்லிக்குடுத்ததே இவுகதானே."