முள்புதரில் ஓர் இடம்

மலைக்காட்டில் மஞ்சள் வயிறும் சாம்பல் தலையுமாக ஓர் ஈப்பிடிப்பான் இருந்தது. எப்போதும் நீல ஈப்பிடிப்பானோடு சேர்ந்துதான் பூச்சி பிடிக்கும். ஒருநாள் காலை, பறவை ஆராய்ச்சிக்காரர்கள் தங்கியிருந்த விடுதிப் பக்கம் போய்வந்த மைனா ஒரு செய்தி கொண்டுவந்தது.

“நீ ஈப்பிடிப்பான் குடும்பமே இல்லையாம். ரத்தத்தைச் சோதித்துப் பார்த்துவிட்டார்கள். உனக்குக் கிட்டத்துச் சொந்தம் பட்டாணிக்குருவிகள்தானாம்.”

மஞ்சள் குருவி, இத்தனை காலமும் உரிமையில்லாத இடத்தில் உட்கார்ந்திருந்தோமே என்று கூசிப்போய், நீலத்திடம் சொல்லாமலே தூரத்துப் பட்டமரத்தில் தனியாகப் போய் உட்கார்ந்தது. பட்டாணிக்குருவிகளிடம் போகவும் தயக்கம். அவை அதை ஏறெடுத்துக்கூடப் பார்த்ததில்லை.

வெட்டவெளியில் பளிச்சென்று தெரிந்த மஞ்சளை வல்லூறு பார்த்துவிட்டது. அது இறங்குவதைக் கண்டு நீலம் தொண்டை கிழியக் கத்தியது. மஞ்சள் குருவி பதறிப்போய்க் கீழேயிருந்த முள்புதருக்குள் பாய்ந்தது. உள்ளே ஒண்டியிருந்த பட்டாணிக்குருவி ஒன்று சட்டென்று நகர்ந்து இடம்விட்டது. முள்ளுக்குப் பயந்து வல்லூறு இரை கிடைக்காமல் திரும்பியது.

வல்லூறு மறைந்ததும் மஞ்சள் குருவி நீலத்திடம் வந்தது.

“நான் உன் குடும்பம் இல்லையாம். மைனா சொன்னது.”

“என்னிடமும் சொன்னது,” என்றது நீலம்.

“தெரிந்துமா கத்தினாய்?”

“வல்லூறு வந்ததே.”

மஞ்சள் குருவி பறந்துபோய்க் கொழுத்த ஈ ஒன்றைப் பிடித்துவந்து நீலத்தின் முன்னால் வைத்தது. பிறகு இன்னொன்றைப் பிடித்துக்கொண்டு முள்புதருக்குப் போனது.