மணல் மூட்டை

உடற்பயிற்சிக் கூடத்தில் அந்தப் பெரியவர் யாரோடும் பேச்சு வைத்துக்கொள்ளமாட்டார். மணல் மூட்டையை மார்போடு அணைத்துக்கொண்டு உட்கார்ந்து உட்கார்ந்து எழுவார். கால் நடுங்கத் தொடங்கியதும் அதே மூட்டையோடு படியேறும் எந்திரத்தில் ஏறிவிடுவார்.

பயிற்சியாளனுக்குப் பொறுக்கவில்லை.

“ஐயா, பளு தூக்கினா சதையை வளர்க்கணும்னு உடம்பு நினைக்கும். உடனே மூச்சு முட்ட ஏறினா, இருக்கிற சக்தியை மிச்சம் பிடிக்கப் பார்க்கும். ஆத்துல ஒரு கால், சேத்துல ஒரு கால் வச்சா எப்படி? ஒரு நாள் இது, ஒரு நாள் அதுன்னு பிரிச்சுக்குங்க.”

“எனக்கு ரெண்டும் ஒண்ணா வேணும் தம்பி.”

அதோடு விட்டாரா? மாதாமாதம் மூட்டையிலிருந்து கொஞ்சம் மணலை எடுக்கச் சொன்னார்.

“ஊரே எடையைக் கூட்டுது, நீங்க குறைக்கிறீங்களே!” என்று பயிற்சியாளன் தலையில் அடித்துக்கொண்டான்.

நடுவில் சில வாரங்கள் பெரியவரைக் காணோம். திரும்பி வந்தவர், வெறுங்கையோடு எந்திரத்தில் ஏறினார்.

“என்னய்யா, மூட்டையை விட்டுட்டீங்க?”

“எங்க வீடு நாலாவது மாடி தம்பி. லிஃப்ட் கிடையாது. ஆஸ்பத்திரிக்குப் போறப்பெல்லாம் என் வீட்டுக்காரியை நான்தான் தூக்கிட்டு இறங்குவேன், தூக்கிட்டு ஏறுவேன். நாளாக நாளாக அவ இளைச்சுக்கிட்டே வந்தா.” பெரியவரின் கால்கள் நிற்கவில்லை. “இப்ப தூக்க ஆளில்ல.”

பயிற்சியாளன் எந்திரத்தின் வேகத்தைக் குறைத்தான்.

“அப்புறம் எதுக்குய்யா இன்னும் உடம்பை வருத்திக்கிறீங்க?”

“வீட்டுல ஒரு பேச்சுக்குரல் கேக்கமாட்டேங்குது தம்பி. இங்க வந்தா நீயாவது திட்டுவியே.”