பாதி நாவல் போதும்

"இதுக்கு மேல படிக்க வேணாம் தமயந்தி. முடிவு எனக்குத் தெரிஞ்சு போச்சு!"

ஆதிகேசவன் நாவலைப் பாதியில் மூடி மனைவியிடம் நீட்டினான். அவனுக்கு அரக்கோணத்தில் ரயில்வே குமாஸ்தா வேலை. திருத்தணியிலிருந்து போக வர வண்டியில் புது நாவல் வாசிப்பதும், வாசித்ததைப் பற்றி அபிப்பிராயம் சொல்வதும் அவனுக்கு வெற்றிலை பாக்கு மாதிரி. ஆனால் எந்த நாவலையும் பாதிக்கு மேல் தொட மாட்டான். இந்தக் காலத்து நாவலுக்கு அது போதும் என்பான்.

ஆறு மாதமாகத் தமயந்திக்கும் நாவல் பைத்தியம். சிங்காரத்தின் வாடகைப் புத்தகக் கடைக்கு எது புதிதாக வந்தாலும் வாங்கிவந்து, கடைசிப் பக்கம் வரை படித்துவிட்டு, அவனிடம் கொடுத்து முடிவைக் கேட்பாள். அவன் புட்டுப் புட்டு வைப்பான். ஒவ்வொரு முறையும் அவள் முகம் வாடிவிடும். அதைப் பார்க்க அவனுக்கு ஒரே குஷி.

"போன வாரத்து நாவல்ல கதாநாயகி வீணை வாசிச்சே முப்பது பக்கம் ஓட்டினா. அதுக்கு முந்தினதுல ஜமீன்தார் இருமினாலே மழை பெய்யுது. எல்லாம் ஒரே மாவு, அச்சுதான் வேற."

"சரிங்க, இதுல என்ன ஆவும்?"

"பர்மா சண்டையில செத்துட்டான்னு எல்லாரும் அழுதுகினு இருக்காங்களே, அந்த நடராசன் சாவல. கதாநாயகிக்கு வேற ஒருத்தன் தாலி கட்டற நேரத்துல 'நிறுத்துங்க!'ன்னு வந்து நிப்பான். இவளும் அவனைத்தான் கட்டிக்குவா."

"நிச்சயமாவா?"

"ஆங், நிச்சயம். தப்பாப் போனா மீசையை எடுத்துடறேன்!"

"மீசை எதுக்குங்க? கிராப்பை வையுங்க. தோத்தா மலைக்குப் போயி மொட்டை."

அவன் கை தானாகத் தலைக்குப் போனது. வாசனைத் தைலம் தடவி, வகிடெடுத்து, நெற்றியில் ஒரு சுருள் விழவிட்ட கிராப்பு. ஆபீசில் துரையே ஒருமுறை நின்று பார்த்துவிட்டுப் போயிருக்கிறார். அதையா பந்தயம் வைப்பது? ஆனால் பெண்டாட்டியிடம் பின்வாங்கினால் அப்புறம் என்ன மரியாதை?

"ஆவட்டும். நீ தோத்தா இனிமே நாவலையே தொடக் கூடாது."

"சம்மதங்க."

புத்தகத்தைப் பிடுங்கிக் கடைசி அத்தியாயத்தைப் புரட்டினான். நடராசன் வந்தான். 'நிறுத்துங்க!' என்றான். ஆதிகேசவன் மீசையை முறுக்கிக்கொண்டு அடுத்த பக்கத்தைத் திருப்பினான்.

'நீங்கள் உயிரோடு வந்ததே சந்தோஷம். இருந்து சாப்பிட்டுவிட்டுப் போங்கள்' என்று சொல்லிவிட்டு, கதாநாயகி பக்கத்திலிருந்தவனுக்கே கழுத்தை நீட்டிவிட்டாள்.

"இதெல்லாம் ஒரு நாவலா? எழுதினவனுக்குப் புத்தி கெட்டுப் போச்சா?" என்று குதித்தான். குதித்து என்ன பயன்?

கிருத்திகையன்று மலைமேல் உட்கார்ந்தவன், "முன்னால கொஞ்சம் மட்டும் விட்டுடுப்பா" என்று நாவிதரிடம் கெஞ்சிப் பார்த்தான். அவர் காதில் வாங்கவே இல்லை. பத்தே நிமிஷத்தில் கதை முடிந்தது.

தலையெல்லாம் சந்தனத்தோடு சந்நிதிக்கு வந்தான். பக்கத்தில் தமயந்தி கைகூப்பியபடி தாரை தாரையாகக் கண்ணீர் விட்டுக்கொண்டிருந்தாள். அவனுக்கு மனசு கேட்கவில்லை.

"ஜெயிச்சவ நீ ஏன் அழுதுகினு இருக்கே? முடிதானே, வளர்ந்துடும்."

"போன வருஷம் விஷ ஜுரத்துல இருபத்தோரு நாளு கண்ணைத் தொறக்காம கெடந்தீங்களே, அப்பவே உங்க முடியை முருகனுக்கு நேந்துகினேங்க. கேட்டா குடுக்கவா போறீங்க? நீங்க முடிவைத் தப்பாச் சொல்ற ஒரு நாவலு கெடைக்கறதுக்குள்ள பன்னெண்டு நாவலு படிக்க வேண்டியதாப் போச்சு!"